க்ளெய்ம் மறுக்கப்பட்டால் கோபத்தை எங்கே காட்டுவது? அமெரிக்க ஹெல்த் இன்சூரன்ஸில் அப்பீல் செய்யும் முறை

2024 டிசம்பர் 4 காலை, மன்ஹாட்டனில் ஹில்டன் ஹோட்டலுக்கு வெளியே யுனைடெட்ஹெல்த்கேர் நிறுவனத்தின் தலைமை அதிகாரி பிரையன் தாம்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடந்த தோட்டா உறைகளில் ‘டிலே’, ‘டினை’, ‘டிபோஸ்’ என்று எழுதியிருந்தது. முதல் இரண்டு சொற்களுக்கும் அமெரிக்காவில் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை: இழுத்தடிப்பது, மறுப்பது. சில மணி நேரத்திலேயே, இரங்கல் சொல்வதை விட்டுவிட்டுத் தங்களுக்கு வந்த மறுப்புக் கடிதங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தவர்கள் ஏராளம். அந்த மாதமே எமர்சன் கல்லூரி நடத்திய கருத்துக்கணிப்பில் 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 41 சதவீதம் பேர் அந்தக் கொலை ஏற்கத்தக்கது என்றார்கள். எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் 68 சதவீதம் பேர் ஏற்க முடியாது என்றார்கள்.

கொலை கொலைதான். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ‘இப்படி அடித்தால்தான் இவர்கள் வழிக்கு வருவார்கள்’ என்று வாதிடுபவர்கள் ஒரு உதாரணத்தைக் காட்டுகிறார்கள். அறுவை சிகிச்சையின்போது மயக்க மருந்துக்கு இத்தனை நிமிடம்தான் பணம் தருவோம் என்ற திட்டத்தை ஆந்தம் ப்ளூ கிராஸ் ப்ளூ ஷீல்ட் மறுநாளே, டிசம்பர் 5 அன்று, கைவிட்டது. துப்பாக்கிக்குப் பயந்துதான் என்று பேச்சு. மயக்கவியல் மருத்துவர்களின் சங்கம் நவம்பரிலேயே அந்தத் திட்டத்தை எதிர்த்துக் கிளம்பிவிட்டதையும், கனெக்டிகட், நியூயார்க் அரசுத் தரப்புகள் தலையிட்டதையும் அந்தப் பேச்சு விட்டுவிடுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் எம்ஆர்ஐயை மறுத்தவர் தலைமை அதிகாரி இல்லை. ஒரு மென்பொருள் விதி, ஒப்பந்த நிறுவனத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு நர்ஸ், கடைசியில் கையெழுத்துப் போடும் ஒரு மெடிக்கல் டைரக்டர், இவ்வளவுதான். யாரைச் சுட்டாலும் அந்தக் கோப்பில் ஒரு வரி மாறப்போவதில்லை.

கோப்பு எப்படி மாறும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஹெல்த்கேர்.கவ் என்ற அரசுத் தளத்தில் விற்கும் பிளான்களின் 2023 விவரங்களைக் கேஎஃப்எஃப் என்ற சுகாதார ஆய்வு அமைப்பு ஆராய்ந்தது. நெட்வொர்க்குக்குள், அதாவது பிளானோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளிலும் டாக்டர்களிடமும், பெற்ற சேவைகளுக்கான க்ளெய்ம்களில் 19 சதவீதம் மறுக்கப்பட்டிருந்தன. அப்படி மறுக்கப்பட்டவற்றில் அப்பீலுக்குப் போனவை நூற்றில் ஒன்றுகூட இல்லை. போனவற்றில் 56 சதவீதத்தில் நிறுவனம் தன் முடிவிலேயே நின்றது. மீதியில் இறங்கி வந்தது. முதியவர்களுக்கான மெடிகேர் அட்வான்டேஜில் நிலைமை இன்னும் வியப்பு: அதே 2023-ல் அப்பீல் செய்யப்பட்ட முன் அனுமதி (சிகிச்சைக்கு முன்பே பிளானிடம் வாங்க வேண்டிய ஒப்புதல்) மறுப்புகளில் 81.7 சதவீதம் முழுதாகவோ பகுதியாகவோ மாற்றப்பட்டன. யாரும் எதிர்த்து எழுதமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த வண்டி ஓடுகிறது.

கையில் இருப்பது எந்தக் காகிதம்?

தபாலில் மூன்று வகைக் காகிதங்கள் வரும். மூன்றையும் குழப்பிக்கொள்வதுதான் முதல் தவறு. இன்சூரன்ஸ் அனுப்பும் ‘எக்ஸ்பிளனேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ்’, சுருக்கமாக ஈஓபி, பில் அல்ல. மேலேயே அப்படி அச்சிட்டிருக்கும். மருத்துவமனை அனுப்புவது பில். முன் அனுமதியை நிராகரித்தால் வருவது மறுப்புக் கடிதம். அதில் காரணமும், அப்பீல் செய்யும் வழியும், கடைசி நாளும் இருக்கும். ஈஓபி வருவதற்கு முன் மருத்துவமனை பில்லுக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஈஓபியில் பார்க்க வேண்டியது நான்கு கட்டங்கள்: பில் செய்த தொகை, பிளான் அனுமதித்த தொகை, பிளான் கொடுத்தது, நோயாளி கொடுக்க வேண்டியது. ‘2,400 டாலர், 0, 0, 2,400’ என்று இருந்தால் அது மறுப்பு. ‘2,400, 780, 0, 780’ என்று இருந்தால் அது மறுப்பே அல்ல. உங்கள் டிடக்டிபிள், அதாவது பிளான் பணம் தரத் தொடங்குவதற்கு முன் ஆண்டுதோறும் நீங்களே கட்ட வேண்டிய தொகை, இன்னும் நிரம்பவில்லை, அவ்வளவுதான். இதற்கு அப்பீல் போட்டால் இரண்டு மாதம் வீணாகும்.

வரிசைக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எண் இருக்கும். அதன் விளக்கம் தாளின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும். அது பெரும்பாலும் மழுப்பலாகத்தான் இருக்கும். மருத்துவமனையின் பில்லிங் அலுவலகத்துக்குப் போகும் தாளில் நாடெங்கும் பொதுவான குறியீடு இருக்கும். போன் செய்து அதைக் கேட்டு வாங்குங்கள். அடிக்கடி தலைகாட்டுபவை இவை.

சிஓ-50: மருத்துவத் தேவை இல்லை என்கிறார்கள். உண்மையான அப்பீல் சண்டை இங்கேதான்.

சிஓ-197: முன் அனுமதி வாங்கவில்லை.

சிஓ-16: ஏதோ விவரம் குறைகிறது அல்லது தவறாக இருக்கிறது. மருத்துவமனை திருத்தி அனுப்பினால் தீரும்.

சிஓ-29: மருத்துவமனை காலம் கடந்து க்ளெய்ம் அனுப்பியது. நெட்வொர்க் மருத்துவமனையாக இருந்தால் ஒப்பந்தப்படி அந்த நஷ்டம் அவர்களுடையது. உங்கள் தலையில் கட்டக்கூடாது.

சிஓ-22: வேறொரு இன்சூரன்ஸ்தான் முதலில் தர வேண்டும் என்கிறார்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் இது சர்வசாதாரணம். ‘உங்களுக்கு வேறு இன்சூரன்ஸ் உண்டா’ என்று கேட்டு ஒரு படிவம் வந்திருக்கும்; விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டிருப்பீர்கள். அதற்குப் பதில் போகும்வரை வரிசையாக எல்லா க்ளெய்மும் திரும்பும். ஐந்து நிமிட போன்காலில் முடிகிற விஷயம். பிள்ளைகள் இருவரின் பிளானிலும் இருந்தால், ஆண்டில் எந்தப் பெற்றோரின் பிறந்தநாள் முதலில் வருகிறதோ அவர் பிளான்தான் வழக்கமாக முதல். வயது கணக்கில்லை, மாதமும் தேதியும்தான்.

சிஓ என்று தொடங்கினால் மருத்துவமனைக்கும் பிளானுக்கும் உள்ள விவகாரம்; பிஆர் என்று தொடங்கினால் உங்கள் பாக்கெட். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் கட்டத் தேவையில்லாத பில்லைக் கட்டிவிடுபவர்கள் நிறைய.

பணம் யாருடையது?

அட்டையில் பெரிய இன்சூரன்ஸ் பெயர் இருந்தாலும், வேலை மூலம் காப்பீடு பெறுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் மருத்துவச் செலவு கம்பெனியின் சொந்தப் பணத்திலிருந்து போகிறது. இன்சூரன்ஸ் நிறுவனம் வெறும் கணக்குப்பிள்ளை. இதற்கு ‘செல்ஃப்-ஃபண்டட்’ என்று பெயர். இன்சூரன்ஸ் நிறுவனமே தன் பணத்தில் தந்தால் அது ‘ஃபுல்லி இன்ஷூர்ட்’. 1974-ல் வந்த எரிசா என்ற கூட்டாட்சிச் சட்டம்தான் செல்ஃப்-ஃபண்டட் பிளானை ஆளுகிறது. மாநில இன்சூரன்ஸ் துறை இதில் கை வைக்க முடியாது. அங்கே புகார் எழுதிவிட்டு ஆறு வாரம் காத்திருந்து, ‘எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல’ என்ற பதிலை வாங்கியவர்கள் பலர்.

கண்டுபிடிக்கும் வழி: அட்டையில் ‘அட்மினிஸ்டர்ட் பை’ என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். டெக்சாஸ் மாநிலத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பிளானாக இருந்தால் அட்டையில் ‘டிடிஐ’ அல்லது ‘டிஓஐ’ என்ற எழுத்துகள் இருக்கும். நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றால் கம்பெனி எச்ஆருக்கு ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘நம் பிளான் செல்ஃப்-ஃபண்டடா, ஃபுல்லி இன்ஷூர்டா? சம்மரி பிளான் டிஸ்க்ரிப்ஷனும் பிளான் டாக்குமென்ட்டும் அனுப்புங்கள்.’ எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் தந்தாக வேண்டும். தராவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 110 டாலர் வரை நீதிமன்றம் அபராதம் விதிக்கலாம். சட்டத்தைச் சொல்லி மிரட்டத் தேவையில்லை. தேதி போட்டுக் கேட்டாலே போதும்.

செல்ஃப்-ஃபண்டட் என்றால் ஒரு அனுகூலமும் உண்டு. பணம் கம்பெனியுடையது என்பதால், கணக்குப்பிள்ளை ‘முடியாது’ என்றதைக் கம்பெனியின் பெனிஃபிட்ஸ் பிரிவு மறுபரிசீலனை செய்யச் சொல்லலாம். இந்தக் கதவைத் தட்டுபவர்கள் மிகக் குறைவு.

போன் செய்யும்போது

போனை எடுப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: தேதியும் நேரமும், பேசியவர் பெயர், கால் ரெஃபரன்ஸ் எண், அவர் சொன்னது. ரெஃபரன்ஸ் எண் கேட்காமல் போனை வைக்காதீர்கள். ‘போன வாரம் பேசியவர் சரி என்றார்’ என்பது வெறும் பேச்சு. எண்ணோடு சொன்னால் அது பதிவு. உரையாடலை நீங்களே பதிவு செய்ய நினைத்தால் முதலில் அனுமதி கேளுங்கள். கலிபோர்னியா, புளோரிடா போன்ற மாநிலங்களில் இருதரப்பு ஒப்புதல் இல்லாமல் பதிவு செய்வது குற்றம்.

கேட்க வேண்டியவை இவை. எந்த விதியின்படி மறுத்தீர்கள்? அந்த விதியின் முழு நகல் வேண்டும். முடிவெடுத்த மருத்துவர் எந்தத் துறையைச் சேர்ந்தவர்? அப்பீலுக்கான ஃபேக்ஸ் எண்ணும் முகவரியும் என்ன? கடைசி நாள் எது? பிறகு மிக முக்கியமான ஒன்று: ‘என் முழு க்ளெய்ம் ஃபைலும் வேண்டும்.’ அதை இலவசமாகப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. அதில் உள் குறிப்புகள் இருக்கும். எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவே இல்லை என்பது அங்கேதான் தெரியவரும். போனில் கேட்டதையே எழுத்திலும் அனுப்புங்கள்.

இனி, சொல்லக்கூடாதது. 2024 டிசம்பரில் புளோரிடாவில், க்ளெய்ம் மறுக்கப்பட்ட ஒரு பெண் போனில் அந்தத் தோட்டாச் சொற்களைச் சொல்லி ‘அடுத்தது நீங்கள்தான்’ என்றார். கைது செய்யப்பட்டார், ஜாமீன் தொகை 1,00,000 டாலர். மாநிலம் தாண்டிப் போகும் போன் மிரட்டலுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. எல்லா அழைப்பும் பதிவாகிறது. சும்மா கோபத்தில் சொன்னேன் என்பதை எழுத்து வடிவில் படிக்கிற அரசு வக்கீல் ஒத்துக்கொள்ளமாட்டார். எதிர்முனையில் இருப்பவர் மணிக்கூலிக்கு வேலை பார்ப்பவர், உங்கள் மறுப்பில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதும் சேர்த்து நினைக்க வேண்டியது. கத்த வேண்டும்போல இருந்தால் போனை வைத்துவிட்டுக் கத்துங்கள்.

அப்பீல் இல்லாமலே தீருவது

நிறைய மறுப்புகள் குறியீட்டுத் தவறால் வருபவை. டாக்டர் அலுவலகத்தில் முன் அனுமதி பார்ப்பவரிடம் கேளுங்கள்: என்ன நோய்க் குறியீடு போட்டு அனுப்பினீர்கள், கூடவே எந்தக் குறிப்புகளை இணைத்தீர்கள்? பல நேரம் பதில், ‘படிவம் மட்டும்தான் போனது’ என்று வரும்.

முன் அனுமதி மறுப்பு என்றால் ‘பியர்-டு-பியர்’ என்ற வழியும் உண்டு: உங்கள் டாக்டர் இன்சூரன்ஸின் மெடிக்கல் டைரக்டரிடம் நேரடியாகப் போனில் பேசுவது. சில நிமிடத்தில் முடிவு மாறிய சம்பவங்கள் ஏராளம். ஆனால் அதற்கான அவகாசம் சில நாட்கள்தான்; கடிதம் தபாலில் வந்து சேர்வதற்குள் பாதி நாள் போயிருக்கும். டாக்டரின் அலுவலகத்துக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள்.

அப்பீல் கடிதம்

முதுகு எம்ஆர்ஐ ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிபிடி குறியீடு, அதாவது எந்தச் சேவை என்பதைக் குறிக்கும் எண், 72148. மறுப்புக் கடிதம் சொல்வது: ‘ஆறு வார கால எளிய சிகிச்சை (மருந்து, பிசியோதெரபி போன்றவை) செய்ததற்கான ஆதாரம் இல்லை.’ க்ளெய்ம் ஃபைலை வாங்கிப் பார்த்தால், டாக்டர் அலுவலகம் அனுப்பிய நோய்க் குறியீடு எம்54.50, அதாவது காரணம் குறிப்பிடாத வெறும் இடுப்பு வலி. நோயாளிக்கு உண்மையில் இருப்பது காலுக்கு இறங்கும் நரம்பு வலி, அதற்கு எம்54.16. பிசியோதெரபி குறிப்புகள் ஒரு பக்கம்கூடப் போகவில்லை. இந்த நிலையில் ‘எனக்கு வலி தாங்க முடியவில்லை, நீங்கள் மனிதர்களா’ என்று மூன்று பக்கம் எழுதுவதால் பயன் இல்லை. அவர்கள் வைத்திருக்கும் விதியின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதில், ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பக்க எண் வேண்டும். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். சாரம் இப்படி இருக்கட்டும்:

‘மெம்பர் எண், க்ளெய்ம் எண், மறுப்புத் தேதி மேலே கண்டபடி. இது முதல் நிலை உள் அப்பீல். உங்கள் விதி ஆறு வார எளிய சிகிச்சை கேட்கிறது. மார்ச் 3 முதல் ஏப்ரல் 16 வரை 12 முறை பிசியோதெரபி நடந்தது: இணைப்பு அ, பக்கம் 1 முதல் 14. இதே காலத்தில் நாப்ராக்சன் 500 மில்லிகிராம் தினம் இருவேளை: இணைப்பு ஆ, பக்கம் 15. ஏப்ரல் 18 பரிசோதனையில் இடது பாதத்தை மேலே தூக்கும் வலு 5-க்கு 4 ஆகக் குறைந்திருக்கிறது. பிப்ரவரியில் 5-க்கு 5 இருந்தது: இணைப்பு இ, பக்கம் 17, 19. தசை வலு குறைந்துவருபவர்களுக்கு ஆறு வார நிபந்தனை பொருந்தாது என்று உங்கள் விதியே சொல்கிறது: இணைப்பு ஈ, பக்கம் 22. திருத்திய நோய்க் குறியீட்டை டாக்டர் அலுவலகம் அனுப்பியிருக்கிறது: இணைப்பு உ. முதல் முடிவில் பங்கேற்காத, இத்துறையில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் இதைப் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’

விதியில் அப்படியொரு விலக்கு இருக்கிறதா என்பதை நகலைப் படித்துத்தான் எழுத வேண்டும். இருக்கும் என்று நினைத்து எழுதினால் கடிதம் முழுவதுமே நம்பிக்கை இழக்கும். டாக்டரிடம் வாங்கும் கடிதத்திலும் இதே கவனம் தேவை. ‘இது மருத்துவ ரீதியாகத் தேவை’ என்ற ஒற்றை வரிக் கடிதம் குப்பைக்குச் சமம். என்ன செய்து பார்த்தோம், ஏன் பலிக்கவில்லை, இதைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும், எந்த மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் ஆதரிக்கிறது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். டாக்டருக்கு நேரமில்லை என்றால் நீங்களே வரைவு எழுதிக் கொடுங்கள். பல டாக்டர்கள் நன்றி சொல்லித் திருத்திக் கையெழுத்துப் போடுவார்கள்.

எங்கே சறுக்கும் என்றால், க்ளெய்ம் அனுப்பும் முகவரிக்கே அப்பீலையும் அனுப்புவது முதலாவது, இரண்டும் வேறு. பெற்றோருக்காகவோ மனைவிக்காகவோ எழுதும்போது பிரதிநிதி படிவத்தில் அவர்கள் கையெழுத்து இல்லாமல் அனுப்புவது அடுத்தது. மருத்துவமனை தன் பெயரில் போடும் அப்பீலை உங்கள் அப்பீல் என்று நம்பிச் சும்மா இருப்பதுதான் மோசமானது: அது தனி வழி, உங்கள் கெடு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஃபேக்ஸ் அனுப்பினால் உறுதித் தாளை வைத்திருங்கள்; தபால் என்றால் சான்றளிக்கப்பட்ட தபாலில் அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். ‘வரவே இல்லை’ என்ற பதிலுக்கு இதுதான் மருந்து.

செல்ஃப்-ஃபண்டட் பிளான்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கடைசியில் வழக்கு என்று போனால் நீதிபதி பெரும்பாலும் அந்தக் கோப்பில் இருப்பதை மட்டுமே பார்ப்பார். புதிய ஆதாரத்தைக் கோர்ட்டில் காட்டிக்கொள்ளலாம் என்று கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். உள் அப்பீல் முடிவதற்குள் எல்லாமே கோப்புக்குள் போயிருக்க வேண்டும்.

நாள் கணக்கு

மறுப்பு கிடைத்ததிலிருந்து உள் அப்பீலுக்கு 180 நாள். இது வேலை மூலம் வரும் பிளான்களுக்கும், ஹெல்த்கேர்.கவ் போன்ற அரசுத் தளங்களில் வாங்கும் மார்க்கெட்பிளேஸ் பிளான்களுக்கும். சிகிச்சை இனிமேல்தான் என்றால் 30 நாளுக்குள்ளும், முடிந்துவிட்ட சிகிச்சைக்கு 60 நாளுக்குள்ளும் பதில் வர வேண்டும்; இரண்டு நிலை அப்பீல் வைத்திருக்கும் கம்பெனி பிளான்களில் இந்த நாட்கள் இரண்டு நிலைக்கும் பாதிப் பாதியாகப் பிரியும். தாமதித்தால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் 72 மணி நேரம். ‘அவசரம்’ என்று நோயாளி சொல்வதைவிட டாக்டர் சொல்வதற்குத்தான் அங்கே மதிப்பு. ஏற்கெனவே அனுமதித்து நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நடுவில் நிறுத்தினால், அப்பீல் முடியும்வரை தொடர்ந்து காப்பீடு தர வேண்டும். ஆனால் அதைக் கேட்க வேண்டும்.

மெடிகேர் அட்வான்டேஜில் 65 நாள்தான். பிளான் தன் முடிவில் நின்றால் கோப்பு தானாகவே வெளி ஆய்வாளருக்குப் போகும். குறைந்த வருமானக்காரர்களுக்கான மெடிகெய்ட் நிர்வாக பிளான்களில் 60 நாள். ஆனால் நடந்துகொண்டிருக்கும் சேவை நிற்கக்கூடாது என்றால் அறிவிப்பு அனுப்பப்பட்ட 10 நாளுக்குள் தொடரக் கேட்டு எழுத வேண்டும். அந்தப் பத்து நாளைத் தவறவிட்டு வீட்டுச் செவிலியர் சேவையை இழந்த குடும்பங்கள் உண்டு.

வெளி ஆய்வு

உள் அப்பீல் தோற்றால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். உண்மையில் அங்கேதான் ஆட்டமே மாறுகிறது. ‘ஒபாமாகேர்’ எனப்படும் 2010 ஏசிஏ சட்டத்தின்படி, இன்சூரன்ஸோடு சம்பந்தமில்லாத ஒரு ஆய்வு அமைப்பிடம் கோப்பைக் கொண்டுபோகலாம். இறுதி மறுப்பு வந்த நான்கு மாதத்துக்குள் கேட்க வேண்டும். கட்டணம் இருந்தால் 25 டாலருக்கு மேல் போகாது. 45 நாளில் முடிவு, அவசரம் என்றால் 72 மணி நேரம். அவர்கள் ‘கொடு’ என்றால் பிளான் கொடுத்தே ஆக வேண்டும்.

எல்லா மறுப்பும் இதற்குள் வராது. மருத்துவத் தேவை, ‘பரிசோதனை நிலையில் உள்ள சிகிச்சை’ என்று ஒதுக்கியது, எந்த அளவு சிகிச்சை தேவை என்பது போன்ற மருத்துவத் தீர்ப்புகள் வரும். காப்பீட்டையே பின்தேதியிட்டு ரத்து செய்ததும் வரும். பிளானில் முன்பே ‘கிடையாது’ என்று எழுதியிருப்பது வராது. அதனால்தான் மறுப்புக் கடிதத்தில் உள்ள காரணச் சொல் முக்கியம். உண்மையான அவசரத்தில் உள் அப்பீலும் வெளி ஆய்வும் ஒரே நேரத்தில் கேட்கலாம். உள் அப்பீலில் நிறுவனம் சட்டம் சொன்ன விதிகளை மீறினால், அது முடியக் காத்திராமல் வெளியே போகவும் வழி உண்டு.

எங்கே கேட்பது: மாநிலக் கட்டுப்பாட்டு பிளான் என்றால் பெரும்பாலும் மாநில இன்சூரன்ஸ் துறை; கலிபோர்னியாவில் பெரும்பாலான பிளான்களுக்கு டிஎம்எச்சி என்ற மாநிலத் துறை, 1-888-466-2219. செல்ஃப்-ஃபண்டட் என்றால் பிளானிடமே எழுத்தில் கேட்க வேண்டும். இழுத்தால் கூட்டாட்சித் தொழிலாளர் துறையின் ஈபிஎஸ்ஏ பிரிவுக்கு 1-866-444-3272. அங்கே எடுப்பவர்கள் உண்மையிலேயே உதவுகிறார்கள்.

இதற்கிடையில் பில்

அப்பீல் நடக்கும்போது மருத்துவமனைக்கு ஒரு கடிதம்: ‘அப்பீல் நிலுவையில் உள்ளது, கணக்கை நிறுத்தி வையுங்கள், வசூல் நிறுவனத்துக்கு அனுப்பாதீர்கள்.’ பெரும்பாலும் கேட்பார்கள். கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் மூன்று கிரெடிட் நிறுவனங்களும் ஓராண்டுக்குள் உள்ள மருத்துவக் கடனையும், 500 டாலருக்குக் குறைந்ததையும் அறிக்கையில் காட்டுவதில்லை. பயந்துபோய் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டால் அது சாதாரணக் கடனாகிவிடும், இந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

லாப நோக்கமில்லாத மருத்துவமனைகளில் நிதியுதவித் திட்டம் இருந்தாக வேண்டும். முதல் பில் வந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். எமர்ஜென்சியில் நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள டாக்டர் பார்த்தார் என்று தனி பில் வந்தால், 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள நோ சர்ப்ரைசஸ் சட்டம் தடுக்கும், உதவிக்கு 1-800-985-3059. விமான ஆம்புலன்ஸ் இதில் அடங்கும். சாலையில் போகும் ஆம்புலன்ஸ் அடங்காது, விசித்திரம்தான்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கும் விசிட்டர் இன்சூரன்ஸ் தனிக் கதை. மேலே சொன்ன ஏசிஏ உரிமைகள் அதற்குப் பொருந்தாது. முன்பே இருந்த நோய் என்று சொல்லி மறுப்பதுதான் வழக்கம். வாங்கும்போதே ‘அக்யூட் ஆன்செட்’ (பழைய நோய் திடீரென முற்றுவது) என்ற பகுதியில் வயது வரம்பையும் தொகை வரம்பையும் படியுங்கள். மருத்துவமனையில் நோய் வரலாறு சொல்லும்போது உண்மையைத் தெளிவாகச் சொல்லுங்கள், மொழி தெரியாமல் ‘ரொம்ப நாளாக இருக்கிறது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்ன ஒரு வரி பதிவேட்டில் ஏறி க்ளெய்மைக் கவிழ்த்துவிடும். மொழிபெயர்ப்பாளர் கேட்டால் தருவார்கள், காசு கிடையாது.

வென்ற பிறகும் கவனம்

அனுமதிக் கடிதம் வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள். எந்தத் தேதி வரை செல்லும்? எந்த மையத்துக்கு? எந்த சிபிடி குறியீட்டுக்கு? ஜூன் 30 வரை செல்லும் அனுமதியோடு ஜூலை 2-ஆம் தேதி ஸ்கேன் எடுத்தால், அல்லது இடம் கிடைத்ததென்று அதே குழுமத்தின் வேறொரு கிளையில் எடுத்தால், அல்லது டெக்னீஷியன் சாயம் ஏற்றி எடுத்து 72148-க்குப் பதில் 72149 என்று பில் போனால், மறுபடி சிஓ-197 வரும். முடிந்துபோன சிகிச்சைக்கான அப்பீலில் வென்றிருந்தால், ஒரு மாதத்துக்குள் புதிய ஈஓபி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் முடிவுக் கடிதத்தின் தேதியைச் சொல்லிப் போன் செய்யுங்கள், ரெஃபரன்ஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் மருத்துவமனை தானாகத் திருப்பித் தரும் என்று காத்திருக்க வேண்டாம். புதிய ஈஓபியின் நகலை இணைத்து, பில்லிங் அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள்.